பின் அச்சு தாங்கும் எடை

டைல்ஸ்காரரும் அவர் மனைவியும் கிளம்பிப் போனது ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. முந்தின நாள் பெய்த மழை விட்டிருந்தது. பட்டறை முற்றத்தில் அங்கங்கே தண்ணீர் தேங்கி நின்றது. வெள்ளை உடம்பில் இடுப்புயரத்துக்கு நீலக் கோடு போட்ட புது வீட்டு வண்டி, அந்தத் தண்ணீரைப் பிளந்துகொண்டு வாசல்வரை வந்தது. ஒருமுறை ஹாரன் அடித்தது. பிறகு தெருவுக்கு இறங்கும் சிமெண்ட் சரிவில் மெல்ல இறங்கியது. முன் சக்கரங்கள் தெருவைத் தொட்டன. பின் சக்கரங்கள் சரிவின் அடிக்கு வந்தபோது, அவற்றுக்கும் பின்னால் இரண்டு மீட்டர் நீண்டிருந்த வண்டியின் வால் சிமெண்டில் உரசி, கர்ரென்று ஒரு சத்தம்.

அந்த வண்டியை விற்றுவிட்டு ஷோரூம் வாசலில் நின்றிருந்த அவளுக்குப் பல் கூசியது. இதே மாதிரி வண்டிகள் ஒரு நாற்பதாவது இதே சரிவில் இறங்கி அவள் பார்த்திருக்கிறாள். எல்லாமே காலி வண்டிகள். வாலுக்கும் சிமெண்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டு, சத்தம் காட்டாமல் போயிருக்கின்றன. இது உரசுகிறது என்றால் பின்பக்கம் நாலு விரலுக்கு மேல் அமுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படி அமுக்கும் பாரம் எங்கிருந்து வந்தது, யார் சொல்லி வந்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவள் கையைத் தூக்கினாள். நிறுத்தச் சொல்லத்தான் தூக்கினாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி ஒரு புதுத் தம்பதியை அழைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். "பாத்தீங்களா, இன்னைக்கு ஒரு குடும்பம் கிளம்புது. நாளைக்கு நீங்க" என்றார். அவர்கள் இருவரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு அது இடமும் வலமும் அசைந்தது. வண்டியின் ஜன்னலிலிருந்து ஒரு வளையல் கை வெளியே வந்து பதிலுக்கு அசைந்தது. வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"எவ்ளோ பாசமா வழியனுப்புறாங்க" என்றாள் புதிதாக வந்த பெண்.

அந்தப் பட்டறையில் அவளுக்கு அப்போது எட்டு வருட அனுபவம். எல்லாரும் ஷோரூம் அக்கா என்று கூப்பிடுவார்கள். முதலாளிகூடச் சில சமயம் வாய் தவறி அக்கா என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். பட்டறையில் வீட்டு வண்டி கட்டினார்கள். சமையல் மேடை, படுக்கை, குளியலறை எல்லாம் வைத்து, ஓட்டிக்கொண்டே ஊர் ஊராகப் போய் வாழ்வதற்கான வண்டி. பெரிய கம்பெனிகளிடமிருந்து சேசிஸ் வரும். உடம்பு இல்லாத எலும்புக்கூடு. அதன் மேல் இவர்கள் வீட்டை ஏற்றுவார்கள்.

வாங்க வருகிறவர்கள் எலும்புக்கூட்டைப் பார்க்கவே மாட்டார்கள். நேரே உள்ளே போய்ப் படுக்கையை அமுக்குவார்கள், அலமாரியைத் திறந்து மூடுவார்கள், குளியலறையில் நின்று தோளை ஆட்டிப் பார்ப்பார்கள். அவள்தான் முதலாளியிடம் சண்டை போட்டு, ஷோரூம் வாசலில் மூன்று வெறும் சேசிஸ்களைக் கழுவித் துடைத்து நிற்கவைத்தாள். அது அவள் யோசனை. அந்த வருடம் விற்பனை இரண்டு மடங்கானது. முதலாளிக்கு உச்சி குளிர்ந்துபோனது.

முதலாவது ஏணி சேசிஸ். லாரிக்குப் போடுவதுபோல இரண்டு நீளமான இரும்புத் தண்டுகள், நடுவில் ஏணிப்படிகள்போலக் குறுக்குச் சட்டங்கள். எஞ்சின் முன்னால் இருக்கும், தள்ளுவது பின் சக்கரம். என்ன ஏற்றினாலும் முனகாது. ஆனால் உயரம், கனம். ஏறி இறங்க மூன்று படி வேண்டும். இதைக் காட்டும்போது அவள் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவாள். மணி அடித்ததுபோல் சத்தம் வரும். "மலையையே ஏத்திட்டுப் போகலாம் சார்" என்பாள். தோள் அகன்ற ஆண்கள் இதன் பக்கம் போய் நிற்பார்கள்.

இரண்டாவது தாழ்ந்த சேசிஸ். ஓட்டுநர் அறையோடு முன்பாதி மட்டும் வரும், பின்பாதியை வெட்டி எடுத்திருப்பார்கள். அதில் துத்தநாகம் பூசிய, ஓட்டைகள் போட்டு எடை குறைத்த ஒரு லேசான சட்டத்தை போல்ட் போட்டு முடுக்குவார்கள். இழுப்பதும் திரும்புவதும் முன் சக்கரங்கள்தான். பின் சக்கரங்கள் சும்மா கூட வரும். அதனால் தரை தாழ்வாக இருக்கும், ஒரே படி, உள்ளே நிமிர்ந்து நடக்கலாம். சட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பின்னால் நீட்டிக்கொள்ளலாம். அப்படி நீட்டிய வாலில்தான் பெரிய பின்னறை. "கார் ஓட்டத் தெரிஞ்சாப் போதும் மேடம், இது தானா ஓடும்" என்பாள்.

மூன்றாவது பஸ் சேசிஸ். எஞ்சின் பின்னால், காற்றுப் பைகளின் மேல் உடம்பு. அதைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். பக்கத்தில் போனதும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். வாங்கக்கூடியவர்களுக்கு அது போதும்.

யாருக்கு எது என்பதை அவள் அவர்கள் வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. காலைப் பார்ப்பாள். செருப்பைக் கழற்றி மாட்டும் விதம், படியேறும்போது கை எங்கே போகிறது, எந்த முழங்கால் முதலில் மடங்குகிறது. விற்பனைக் கையேடு எழுதியதும் அவள்தான். அதில் தாழ்ந்த சேசிஸ் வண்டிக்கான பக்கத்தில் ஒரு பெரிய படத்துக்குக் கீழே அவள் எழுதிய வரி இருந்தது: "பின்னால் ஓர் அறையே இருக்கிறது. எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்." அதைப் படித்துவிட்டு வாங்கியவர்கள் உண்டு. படித்துவிட்டுக் கண்கலங்கிய ஒரு பெண்மணியும் உண்டு.

ஒரே ஒருவர்தான் அந்த வரியைப் படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார். கட்டி முடித்த வண்டிகளைச் சக்கரத்துக்கு ஒரு எடைப் பலகை வைத்து நிறுத்துப் பார்ப்பவர். பட்டறையில் அவர் பெயர் தராசண்ணன்.

"ஏம்மா, இதை எழுதுனியே, அந்த அறை எங்க இருக்குன்னு பாத்தியா?"

"பின்னால."

"பின் சக்கரத்துக்கும் பின்னால. இங்க வா." ஒரு ஸ்கேலை எடுத்து, கீழே இரண்டு இடத்தில் ரப்பர் துண்டை வைத்து அதன் மேல் கிடத்தினார். ஒரு முனை மட்டும் ரப்பரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முனையில் டீ டம்ளரை வைத்தார். எதிர்முனை ரப்பரை விட்டு எழும்பியது. "வாலோட நுனியில நூறு கிலோ வச்சா, பின் சக்கரத்து மேல நூறு ஏறாது, நூத்தம்பது ஏறும். மிச்ச அம்பது எங்கேருந்து வருது? முன் சக்கரத்துலேருந்து புடுங்கிக்குது. ஆனா இழுக்கிறது முன் சக்கரம், திரும்புறது முன் சக்கரம், முக்கால்வாசி பிரேக்கும் அதுலதான். ஈரமான இறக்கத்துல அது தரையைத் தொடாம போச்சுன்னா?"

"அப்போ டீயைக் குடிச்சிருங்க அண்ணே, எதுக்கு வால்ல வச்சிட்டு" என்று அவள் சிரித்துவிட்டுப் போனாள். அவரும் சிரித்தார்.

ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் மூன்று எண்கள்: மொத்த எடை, முன் அச்சு தாங்கும் எடை, பின் அச்சு தாங்கும் எடை. எட்டு வருடமாக அவள் முதல் எண்ணை மட்டும்தான் விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறாள். யாரும் மற்ற இரண்டைக் கேட்டதில்லை.

டைல்ஸ்காரர் வீடு வீடாகத் தரை பதிக்கிறவர். அவர் மனைவி தையல்காரர். பிள்ளைகள் இல்லை. இருந்த வீட்டை விற்றுவிட்டு, வண்டியிலேயே சுற்றி, போகிற இடத்தில் வேலை செய்துகொண்டு காலத்தை ஓட்டுவது என்று முடிவெடுத்து வந்திருந்தார்கள். அவர் முதலில் ஏணி சேசிஸ் பக்கம்தான் போனார். குனிந்து, தண்டின் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "இது சரியான ஆளு" என்றார்.

அவள் அவர் மனைவியின் முழங்காலைப் பார்த்தாள். மூன்று படியில் இரண்டாவது படியிலேயே அந்த அம்மாள் கைப்பிடியைத் தேடியது.

"அய்யாவுக்கு இது நல்லாருக்கும். அம்மா தினம் பத்து தடவை ஏறி இறங்கணுமே" என்றாள்.

அவ்வளவுதான். அவர் உடனே தாழ்ந்த சேசிஸ் பக்கம் வந்துவிட்டார். அந்த அம்மாள் ஒரே படியில் உள்ளே போய், ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்னங்க, நான் இங்கேயே இருந்துக்கறேன், நீங்க வேணா வீட்டுக்குப் போங்க" என்றது. அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கேட்டார்: "மேடம், என் சாமான் எல்லாம் கனம். கல்லு அறுக்கிற மெஷின், கலக்கிற மெஷின், எப்பவும் பத்துப் பன்னெண்டு பெட்டி டைல்ஸ். பின்னறையில வைக்கலாமில்ல?"

"தாராளமா வைங்க" என்றாள் அவள்.

வழக்கமாக வாங்குகிறவர்கள் காலி வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவரவர் வீட்டில் சாமான் ஏற்றுவார்கள். ஏறிய வண்டி எப்படி இருக்கும் என்று பட்டறையில் யாரும் பார்த்ததே இல்லை. எடைப் பலகையில் ஏறுவதும் காலி வண்டிதான். தண்ணீர்த் தொட்டி காலி, கூடாரத் துணி கணக்கில் இல்லை, இரண்டாவது பேட்டரி கணக்கில் இல்லை. இவர்களுக்கோ திரும்பிப் போக வீடு இல்லை. அதனால் அந்த வியாழக்கிழமை ஒரு குட்டி லாரியில் எல்லாவற்றையும் கொண்டுவந்து பட்டறை முற்றத்திலேயே மாற்றினார்கள். பெட்டி பெட்டியாகப் பின்னறைக்குள் போனது. கடைசியாக இரும்புக் கால் வைத்த தையல் மெஷின். டைல்ஸ்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "உங்க புத்தகத்துல போட்ட மாதிரியே, ஒண்ணையும் விடலை மேடம்" என்றார்.

தராசண்ணன் அன்று மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். எடைப் பலகைகள் சுவரோரம் சாய்ந்து நின்றன. அவற்றைத் தூக்கி வைக்க அவளுக்கும் தெரியும். கால் மணி நேர வேலை. அவள் சுவரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், சாவியைக் கொடுத்தாள்.

அன்று மதியம் முழுக்க அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "பின்னால் பாரம் அதிகம், மெதுவாகப் போய் ஓரமாக நிறுத்துங்கள், நான் பேசுகிறேன்" என்று தட்டினாள். அழித்தாள். பயந்துவிடுவார்கள் என்று நினைத்தாள். முதலாளிக்குத் தெரிந்தால் என்ற நினைப்பும் கூடவே வந்தது. கடைசியில், "பயணம் எப்படிப் போகுது?" என்று மட்டும் அனுப்பினாள். அது போய்ச் சேரவில்லை. மறுநாள் காலை துணிந்து கூப்பிட்டாள். போன் அணைக்கப்பட்டிருந்தது. அதற்கு அடுத்த நாளும். ஒரு வாரம் கழித்தும். விற்ற வீட்டில் போய்க் கேட்டாள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தரை மட்டும் பளபளவென்று, ஒரு கோடு பிசகாமல் பதித்திருந்தது.

அதன் பிறகு அந்தச் சத்தம் அவளை விடவில்லை.

காலை பதினொன்று அடித்தால் காது தானாகக் கூர்மையாகிவிடும். ஷோரூமில் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பாள். பதினொன்றே காலுக்குச் சரிவில் கர்ரென்று கேட்கும். திரும்பிப் பார்த்தால் வாசல் காலியாக இருக்கும். "என்னக்கா, யாராச்சும் வர்றாங்களா?" என்பார்கள். சிமெண்டில் இரண்டு வெள்ளைக் கீறல்கள் இருந்தன. ஆறு மாதத்தில் எத்தனையோ சக்கரம் ஏறி இறங்கியும் அவை மங்கவில்லை. மழை பெய்தால் மற்ற அழுக்கெல்லாம் போய் அவை மட்டும் இன்னும் வெளுத்துத் தெரிந்தன. ஒருநாள் யாரும் இல்லாதபோது சிமெண்ட் குழைத்து அவற்றை மூடினாள். மறுவாரமே மூடியது பெயர்ந்து வந்தது.

ஷோரூமில் நின்ற காட்சி வண்டியின் வால், அவள் முதுகைத் திருப்பும்போதெல்லாம் கொஞ்சம் தாழ்வதுபோல் இருந்தது. சடாரென்று திரும்புவாள். அது அப்படியே நிற்கும். அளந்து பார்ப்பாள். அதே அளவு. மறுநாள் மறுபடியும் அளப்பாள்.

அவள் கணவர் பல் செட் செய்கிறவர். பல் வைத்தியர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து பற்களைக் கட்டுவார். இருவரும் ஸ்கூட்டரில் போகும்போது சிக்னலில் ஏதாவது வீட்டு வண்டி நின்றால் அவள் குதித்து இறங்கி, அதன் பின்னால் போய் முழங்காலிட்டு, வாலின் கீழே கையை நுழைத்து விரல் கணக்குப் பார்ப்பாள். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

"யாராவது பாத்தா வண்டிக்குக் குண்டு வைக்கிறேன்னு நினைச்சுக்கப் போறாங்க" என்றார் ஒருநாள்.

"மூணு விரல்தான் இருக்கு."

"யார் வண்டி?"

"தெரியலை."

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு பல் செட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நீ கடைசி வரைக்கும் அவங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

"நீங்க செய்யற பல்லுக்கு எவ்ளோ கடிக்கலாம்னு சொல்லிக் குடுக்கறீங்களா?"

"சொல்லுவேன். நான் செய்ற பல்லால கரும்பு கடிக்காதீங்கன்னு எழுதியே குடுப்பேன். நீ கரும்பு படம் போட்டு விக்கிற."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ரொம்ப நேரம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

ஏழாவது மாதம் செய்தித்தாளில் ஒரு படம் வந்தது. மலைப்பாதை வளைவில், மழையில், ஒரு வீட்டு வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஒருவர் பலி என்று போட்டிருந்தார்கள். பெயர் இல்லை. மற்றவர்களுக்குப் படத்தில் ஒரு வண்டியின் அடிவயிறு தெரியும், அவ்வளவுதான். அவளுக்குச் சட்டம் தெரிந்தது. துத்தநாக வெளுப்பு, முட்டை வடிவ ஓட்டைகள், நீட்டிய வால். ஆட்களை முகம் பார்த்து அடையாளம் காண்பதுபோல அவள் அதை அடையாளம் கண்டாள். தாழ்ந்த சேசிஸ்.

முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இந்த மாதிரி ஐந்நூறு வண்டி ஓடுது. நம்மதுன்னு யார் சொன்னா?"

"நம்மது இல்லன்னு யார் சொன்னா?"

"யாரும் கேக்காதப்ப நீயா போய் ஏன் வம்பை விலைக்கு வாங்கற? போய் ஷோரூமைப் பாரு."

விபத்தான வண்டிகளைப் போட்டு வைக்கும் திடல் ஸ்கூட்டரில் ஐந்து மணி நேரத் தொலைவில் இருந்தது. கணவர் ஓட்டிக்கொண்டு போனார். வண்டியை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. வெள்ளை உடம்பு. கோடு இருந்த இடம் உரிந்து போயிருந்ததால் நிறம் தெரியவில்லை. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடியில் படுத்து நகர்ந்து உள்ளே போனாள்.

அவர்கள் பட்டறையின் வெல்டர் இரும்போடு இரும்பை ஒட்டும் பற்று, மீன் செதிலை வரிசையாக அடுக்கியதுபோல் இருக்கும். இருட்டில் தடவினாலே தெரியும். வாலை நீட்டியிருந்த இடத்தை விரலால் தேடிப் பிடித்தாள். பற்று திட்டுத்திட்டாக, மெழுகு உருகி வழிந்ததுபோல் இருந்தது. வேறு கை. வேறு கம்பெனி. அவள் அங்கேயே மல்லாந்து கிடந்து மூச்சு விட்டாள். வெளியே கணவரின் கால்கள் தெரிந்தன. அவை இங்கும் அங்கும் நடந்தன.

"நம்மது இல்லீங்க" என்றாள்.

வெளியே வந்தவள் அதோடு திரும்பியிருக்கலாம். பின்னறைக் கதவு பிய்ந்து தொங்கியது. உள்ளே தண்ணீர்க் கேன்கள், மடக்கு நாற்காலிகள், இரண்டு மூட்டை அரிசி, ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள். எல்லாம் வாலில். தரையில் ஒரு கையேடு ஊறி உப்பிக் கிடந்தது. வேறு கம்பெனியின் கையேடு. ஒட்டியிருந்த பக்கங்களைப் பிரித்தாள். பின்னறையின் பெரிய படம். அதற்குக் கீழே: "பின்னால் ஓர் அறையே உண்டு. எதையும் விட்டுவிட்டுச் செல்லாதீர்கள்."

இரண்டு சொல்லை மாற்றியிருந்தார்கள். மற்றதெல்லாம் அவளுடையது.

திடலைப் பார்த்துக்கொள்பவர் வந்து நின்றார். "சொந்தக்காரங்களாம்மா?"

"இல்லைங்க. யாரு... யாரு போனது?"

"ஓட்டுனவர் பொழச்சுட்டார். பக்கத்துல இருந்த அம்மாதான். ஸ்டியரிங்கைத் திருப்புனேன், அது திரும்பலை, அது திரும்பலைன்னு அந்த மனுஷன் அதையே சொல்லிட்டிருந்தாராம்." அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சொந்தமில்லன்னா ஏன்மா அழறீங்க?"

திரும்பும் வழியில் கணவர் இரண்டு இடத்தில் டீக்கு நிறுத்தினார். அவள் இரண்டு டீயையும் குடிக்காமல் ஆறவைத்தாள்.

அதற்கப்புறம் அவள் பழைய ஷோரூம் அக்காவாக இல்லை. கையேட்டில் அந்த வரியை எடுத்துவிட்டு மூன்று எண்களையும் போட வேண்டும் என்று நின்றாள். "ஊரே அந்த வரியைப் போடுது, எழுதுன நாம எடுக்கணுமா?" என்றார் முதலாளி. நச்சரிப்பு தாங்காமல் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் மூன்று எண்களையும் போட ஒப்புக்கொண்டார். வரி அப்படியே இருந்தது. அவளும் தராசண்ணனும் சேர்ந்து எடைப் பலகைகளை ஷோரூமுக்கே கொண்டுவந்தார்கள். வாங்க வருகிறவர்களிடம் "உங்க சாமானையெல்லாம் கொண்டுவாங்க, ஏத்திப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றாள். பின் அச்சின் எண்ணைத் தாண்டினால் கூசாமல் சொன்னாள். "இதை விடுங்க. இதையும் விடுங்க. தையல் மெஷினா? முன்னாடி, சீட்டுக்குப் பின்னால வைங்க."

வந்தவர்கள் முகம் சுண்டிப் போனார்கள். ஊர் ஊராகச் சுற்ற ஆசைப்பட்டு வந்தவர்களிடம் யாராவது மூட்டையைப் பிரி என்றால் எப்படி இருக்கும்? ஒரு பெரியவர், "நீங்க விக்கிறீங்களா, இல்ல எங்களைத் துரத்துறீங்களா?" என்று கேட்டே விட்டார். முதலாளி அவளை உதிரி பாகப் பிரிவுக்கு மாற்றினார். ஷோரூமுக்கு ஒரு புது ஆள் வந்தான். நல்ல சிரிப்பு. அவனும் ஏணி சேசிஸை இரண்டு தட்டுத் தட்டினான். உதிரி பாக அறைவரைக்கும் அந்த மணிச் சத்தம் கேட்டது. பதினொன்றே காலுக்குக் கேட்கும் சத்தமும் கேட்டது. இரண்டாவது வருட முடிவில் அவள் வேலையை விட்டாள்.

ஊர் எல்லையில், நெடுஞ்சாலை ஓரம், லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. கண்ணாடி அறை, ஒரு மின்விசிறி, எண்கள் ஓடும் சின்னத் திரை. மண் லாரி, கரும்பு லாரி, கம்பி லாரி. ஓட்டுநர்கள் அவளை மேடை அக்கா என்றார்கள். பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டே வந்தது. சாலையில் எப்போதாவது வீட்டு வண்டி வந்தால் அவள் கண்ணாடி அறையை விட்டு ஓடிப்போய்க் கையைக் காட்டுவாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, குறுக்கே வீசி. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாதபடி. பத்தில் இரண்டு வண்டி நிற்கும்.

"என்னங்க, டாக்ஸா?"

"ஒண்ணுமில்லை. முதல்ல முன் சக்கரத்தை மட்டும் ஏத்துங்க. சரி. இப்ப பின் சக்கரத்தை மட்டும்."

திரையில் எண் வரும். அவள் கதவுத் தகட்டோடு ஒத்துப் பார்ப்பாள். சிலர் நன்றி சொல்லி, சாமானை முன்னால் மாற்றிக்கொண்டு போனார்கள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். மேலாளர், "இந்தம்மாவுக்கு என்னமோ ஆகிருக்கு" என்று மற்றவர்களிடம் சொன்னார். அது அவள் காதுக்கும் வந்தது. ஒவ்வொரு வண்டியும் பக்கத்தில் வரும்போது அவள் முதலில் நீலக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு ஜன்னலில் யார் கை இருக்கிறது என்று பார்ப்பாள். கணவர் மட்டும் எப்போதாவது, "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்பார். "ஒண்ணு நின்னுச்சு" என்பாள். அந்த இரண்டு பேரைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள். இருக்கிறார்கள் என்று சொல்லவும் வழியில்லை, இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அவர்கள் கிளம்பிப் போன பதினோராவது வருடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கம்பி லாரி ஒன்று மேடையில் நின்றபோது அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. தெரியாத எண். லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவள் நின்றபடியே படித்தாள்.

"வணக்கம் மேடம். என்னைத் தெரியுதான்னு தெரியலை. நீலக் கோடு வண்டி, தையல்காரம்மா. வண்டி பேப்பர்ல உங்க நம்பர் இருந்துச்சு, அதான் எழுதறேன். நாங்க கிளம்புன அன்னைக்கே போன் தண்ணில விழுந்து கெட்டுப்போச்சு. அப்புறம் வேற நம்பர். நல்லாத்தான் இருந்தோம் மேடம். மொத இறக்கத்துலயே வண்டி முன்பக்கம் காத்தாடி மாதிரி ஆடிச்சு. இவர் பயந்துபோய் ஓரங்கட்டிட்டார். கல்லு அறுக்கிற மெஷின், டைல்ஸ் பெட்டி எல்லாத்தையும் ரோட்டோரம் ஒரு வீட்டுல இறக்கி வச்சோம். திரும்பி வந்து எடுத்துக்கலாம்னார். எடுக்கவே இல்லை. அதுக்கப்புறம் அவர் தரை பதிக்கலை. தைச்சுதான் ஓட்டினோம். போன மாசம் தூக்கத்துலயே போயிட்டார். வண்டிலதான், அவர் படுக்கையிலயே. எனக்கு ஓட்டத் தெரியாது, விக்கலாம்னு இருக்கேன். நாளன்னைக்கு ஒரு குடும்பம் பாக்க வருது. சின்ன வயசு, ரெண்டு குழந்தைங்க. சாமான் நிறைய இருக்காம், எல்லாம் பின்னால வைக்கலாமான்னு கேக்கறாங்க. எனக்கு உங்க மாதிரி எடுத்துச் சொல்லத் தெரியலை. உங்க புத்தகம் ஒண்ணு இருந்தா அனுப்புவீங்களா? அந்தப் பின்னறை படம் போட்ட பக்கம் மட்டும் போதும். அதுல நல்லா எழுதியிருப்பீங்க."